தசைப் பேர் எல்லாம் மனப்பாடம், ஆனா ஃப்ளோர்ல ஆளைப் பார்த்தா எதுவும் ஓடல

வளசரவாக்கம்_ஃப்ளோர்

எல்லாருக்கும் வணக்கம். வளசரவாக்கத்துல ஒரு ஜிம்ல ஃப்ளோர் டிரெய்னரா இருக்கேன். பர்சனல் டிரெய்னர் சர்ட்டிஃபிகேட் பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. பிளஸ் டூல காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். அனாடமி எனக்குப் புதுசு. ஒவ்வொரு தசைக்கும் ஆரம்பிக்கிற இடம், போய் ஒட்டுற இடம், செய்யுற வேலைன்னு நோட்டுல கட்டம் போட்டு எழுதி மனப்பாடம் பண்றேன். கேட்டா ஒப்பிச்சிடுவேன். எதிர்ல ஒருத்தர் ஸ்குவாட் (உக்காந்து எழுற பயிற்சி) பண்ணும்போது அந்த நோட்டால எந்தப் பிரயோஜனமும் இல்ல.

இப்போதைக்கு நாலு சந்தேகம்.

1. 29 வயசு மெம்பர் ஒருத்தருக்கு ஸ்குவாட்ல பாதி இறங்கும்போதே குதிகால் தூக்குது. முட்டியை நீட்டி, சுவத்தைப் பிடிச்சு செய்யுற கெண்டைக்கால் ஸ்ட்ரெட்ச் ரெண்டு வாரமா தினமும் கொடுத்தேன். மாற்றமே இல்ல.

2. நின்னுக்கிட்டு செய்யுற காஃப் ரெய்ஸுக்கும் (குதிகாலைத் தூக்கி இறக்குறது) உக்காந்து செய்யுறதுக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கா?

3. 46 வயசு மேடம் ஒருத்தருக்கு ஓவர்ஹெட் பிரஸ்ல (எடையைத் தலைக்கு மேல தள்ளுறது) கை பாதி ஏறும்போது தோள் வலிக்குது. "தோளைக் கீழே இறக்கி, பின்னாடி இழுத்து வெச்சுக்கிட்டு தள்ளுங்க"ன்னு சொல்றேன். அப்படிச் சொன்னா இன்னும் வலிக்குதுங்கறாங்க.

4. 56 வயசு சார், பி.பி. மாத்திரை எடுக்கிறார். அதிகபட்ச இதயத்துடிப்புக்கு 220ல வயசைக் கழிச்சா 164, அதுல 75 சதவீதம் 123. டிரெட்மில்லில் துடிப்பு 105 தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குறார். வேகத்தைக் கூட்டணுமா?

எப்படிப் படிச்சா இதெல்லாம் புரியும்? தமிழ்ல எடுத்துச் சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

அயனாவரம்_பார்பெல்

தம்பி, உழைப்புல குறை இல்ல, படிக்கிற வரிசைதான் தப்பு. தசையில ஆரம்பிக்காதீங்க, மூட்டுல ஆரம்பிங்க. எந்தத் தசையைப் படிச்சாலும் ரெண்டே கேள்வி கேளுங்க. எந்தெந்த மூட்டைத் தாண்டிப் போகுது? முன்பக்கமா, பின்பக்கமா, உள்ளேயா, வெளியேயா, எந்தப் பக்கமாப் போகுது? இது ரெண்டும் தெரிஞ்சா அது சுருங்கும்போது என்ன நடக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க. முட்டிக்கு முன்னாடி போனா நீட்டும், பின்னாடி போனா மடக்கும். ஒட்டுற இடம் அதுக்கப்புறம் தானா மனசுல நிக்கும்.

உங்க முதல் ரெண்டு சந்தேகத்துக்கும் பதில் ஒண்ணுதான். அதுக்கு ஒரு பாவாடை நாடா போதும். ஒரு நண்பரை நிக்க வைங்க. நாடாவோட ஒரு முனையைக் குதிகால் எலும்புக்குப் பின்னாடி அழுத்திப் பிடிங்க. மறுமுனையை முட்டிக்குப் பின்பக்கம் கொஞ்சம் மேல, தொடை எலும்பு முடியுற இடத்துல இறுக்கிப் பிடிங்க. இதுதான் காஸ்ட்ராக்னீமியஸ், வெளியில உருண்டு தெரியுற கெண்டைக்கால் தசை. இப்போ அவரை முட்டியை மடக்கச் சொல்லுங்க. நாடா தொளதொளன்னு ஆயிடும். அடுத்து மேல் முனையை முட்டிக்குக் கீழே பிடிங்க. இது சோலியஸ், அதுக்கு அடியில இருக்கிறது. முட்டியை எவ்வளவு மடக்கினாலும் இந்த நாடா தளராது. குதிகாலைத் தரையில வெச்சு முட்டியை முன்னாடி தள்ளினா விறைக்கும்.

இப்போ ஸ்குவாட்டைப் பாருங்க. கீழே இறங்கும்போது முட்டி மடங்கியிருக்கு, காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துதான் இருக்கும். பிடிச்சு இழுக்கிறது சோலியஸ், இல்லேன்னா கணுக்கால் மூட்டே. முட்டியை நீட்டி ரெண்டு வாரம் ஸ்ட்ரெட்ச் கொடுத்ததுல இழுபட்டது வேற தசை. முட்டியை மடக்கி வெச்சு, குதிகால் தரையை விட்டு எழாம, 30 செகண்ட் வீதம் மூணு தடவை கொடுங்க.

உக்காந்து செய்யுற காஃப் ரெய்ஸும் இதே கணக்குதான். முட்டி 90 டிகிரி மடங்கினா காஸ்ட்ராக்னீமியஸ் ஏற்கெனவே சுருங்கின நிலைக்கு வந்துடும், அதனால பெருசா இழுக்க முடியாது. பாரம் சோலியஸ் மேல போகும். நின்னு செய்யும்போது ரெண்டும் வேலை செய்யும். ஒருத்தருக்கு நேரம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா நின்னு செய்யுறதைக் கொடுங்க.

குதிகால் தூக்குறவருக்கு எதுவும் கொடுக்குறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க. ஷூவைக் கழட்டிட்டு சுவரைப் பார்த்து நிக்கணும். கட்டைவிரல் சுவத்துல இருந்து 10 செ.மீ. தள்ளி. குதிகால் எழாம முட்டி சுவத்தைத் தொடுதா? தொட்டா ஒவ்வொரு சென்டிமீட்டராப் பின்னாடி போங்க, தொடலைன்னா முன்னாடி வாங்க. கடைசியாத் தொட்ட தூரத்தை டேப் வெச்சு அளந்து எழுதுங்க, ரெண்டு காலுக்கும் தனித்தனியா. 10 செ.மீ. கிட்ட வந்தா பெரும்பாலும் போதும். 6, 7ல நின்னா கணுக்கால்தான் தடை. எங்க பிடிக்குதுன்னும் கேளுங்க. பின்னாடி கெண்டைக்கால்ல இழுத்தா தசை. முன்னாடி, ஷூ லேஸ் கட்டுற மடிப்புல நெரிச்சா மூட்டு. மூட்டுத் தடைக்கு ஸ்ட்ரெட்ச் மட்டும் போதாது.

இன்னொரு சோதனை: ரெண்டு குதிகாலுக்கும் கீழே 2.5 கிலோ ப்ளேட் வெச்சு ஸ்குவாட் பண்ணச் சொல்லுங்க. உடனே சரியாச்சுன்னா கணுக்கால். அப்பவும் சரியாகலேன்னா இடுப்பு, இல்லேன்னா பழக்கம் போதல. டம்பெல்லை நெஞ்சோட பிடிச்சுக் கொஞ்ச நாள் பழக்குங்க. வெறுங்காலோட இந்தியன் டாய்லெட்ல உக்கார்ற மாதிரி உக்காரச் சொல்லியும் பார்க்கலாம். அங்க குதிகால் பதிஞ்சு, பார்பெல் வெச்சா மட்டும் குதிகால் எழுந்தா கணுக்காலைக் குத்தம் சொல்ல வேண்டாம். கால் அகலம், பாதம் திரும்பின கோணம், எடை, இந்த மூணைப் பாருங்க. பாதம் 15லேர்ந்து 30 டிகிரி வெளியே திரும்பியிருக்கிறது இயல்புதான். தொடை எலும்பு நீளமா இருக்கிறவங்க முன்னாடி அதிகம் சாய்வாங்க, அதுவும் அவங்க உடல்வாகு. எல்லாரையும் ஒரே நிமிர்வுக்குக் கொண்டுவரப் போராடாதீங்க.

இந்த ரெண்டு மூட்டு விதி பல இடத்துல கை கொடுக்கும். தொடை முன்பக்க நாலு தசையில ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும்தான் இடுப்பையும் தாண்டுது. ஹாம்ஸ்ட்ரிங் (தொடை பின்பக்கத் தசைகள்) எல்லாம் உக்காருற எலும்புல தொடங்கி ரெண்டு மூட்டையும் தாண்டுது. அதனாலதான் ஹிப் பிரிட்ஜ்ல (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குறது) முட்டியை மடக்கினா ஹாம்ஸ்ட்ரிங் தளர்ந்து, குளூட்ஸ் (பிட்டத் தசை) அதிகம் உழைக்குது. பாதத்தைத் தள்ளி வெச்சா ஹாம்ஸ்ட்ரிங்ல பிடிப்பு வரும்.

வாரத்துக்கு ஒரு மூட்டுன்னு எடுங்க. கணுக்கால், முட்டி, இடுப்பு, முதுகுத்தண்டு, தோள்பலகை, தோள், முழங்கை. மூட்டு ஏழு, வாரம் ஏழு. மீதி நாள் இதயம், சக்தி, திட்டம் போடுறதுக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல் பதினொண்ணாம் வகுப்பு விலங்கியல்ல எலும்பு, தசை பத்தின பாடம் தமிழ்லயே இருக்கு. காமர்ஸ் படிச்சவங்க அதுல தொடங்குறது நல்லது.

அடையார்_பிசியோ

மூன்றாவது சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறேன். "தோளை இறக்கிப் பின்னால் இழு" என்பது பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் ரோவுக்கும் பொருந்தும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அதே சொல் எதிராக வேலை செய்யும்.

கை முழுதாக மேலே போக ஏறக்குறைய 180 டிகிரி வேண்டும். அதில் சுமார் 120 டிகிரி தோள் மூட்டில் கிடைக்கிறது. மீதி 60 டிகிரி தோள்பலகை மேல்நோக்கிச் சுழல்வதால் வருகிறது. அதைச் சுழற்றுவது ட்ரபீசியஸின் (கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரியும் தசை) மேல் பகுதி, கீழ்ப் பகுதி, விலா எலும்பைச் சுற்றி வரும் செரேட்டஸ் ஆன்டீரியர் ஆகிய மூன்றும் சேர்ந்துதான். நீங்கள் தோள்பலகையைக் கீழே பூட்டச் சொன்னால் அந்த 60 டிகிரியைத்தான் பூட்டுகிறீர்கள். கை மட்டும் ஏறப் பார்க்கிறது. மேற்கை எலும்பின் தலைக்கும் மேலே உள்ள எலும்புக்கும் நடுவில் சுப்ராஸ்பைனேட்டஸின் (தோள்பலகையின் மேல்பகுதியில் உள்ள சிறிய தசை) தசைநார் ஓடுகிறது. எரிச்சலில் இருக்கும் நார் அங்கே பாரம் விழும்போது வலிக்கும். 60 முதல் 120 டிகிரிக்குள் வலித்து அதற்கு மேல் குறைந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதை உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். கூன் போட்டு உட்கார்ந்து ஒரு கையை முன்வழியாகத் தூக்குங்கள், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தூக்குங்கள். கை எவ்வளவு அதிகம் போகிறது என்பது தெரியும். நடுமுதுகு வளைந்திருந்தால் தோள்பலகை முன்னால் கவிழ்ந்துவிடுகிறது. சோழிங்கநல்லூர், தரமணி பக்கம் நாள் முழுதும் லேப்டாப் முன் இருப்பவர்களிடம் இதை முதலில் பாருங்கள்.

அந்த மேடத்துக்கு எடை கொடுக்கும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்யுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மறுகையோடு ஒப்பிடுங்கள். வலிக்கிற கை பாதியிலேயே நின்று, மறுகையால் தள்ளினாலும் நகரவில்லை என்றால் அது உறைந்த தோளாக (மூட்டு இறுகி அசைவு குறையும் நிலை) இருக்கலாம். 40 முதல் 60 வயதுப் பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. அங்கே உங்கள் வேலை மருத்துவரிடம் அனுப்புவதுதான். இழுத்து ஸ்ட்ரெட்ச் செய்தால் வலி கூடும்.

திருப்புவதில் தடை இல்லையென்றால் இப்படி மாற்றுங்கள். ஓவர்ஹெட் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, பார்பெல்லின் ஒரு முனையை மூலையில் டவல் சுற்றி ஊன்றி, மறுமுனையைச் சாய்வாக மேல்நோக்கித் தள்ளும் பிரஸ்: 10 தடவை, 3 செட். முன்கையைச் சுவரோடு வைத்து மேலே வழுக்கும் பயிற்சி 12 தடவை. புஷ்-அப்பின் மேல் நிலையில் முழங்கையை மடக்காமல் தரையை இன்னும் தள்ளி, தோள்பலகையை முன்னால் கொண்டுபோகும் பயிற்சி 12 தடவை. தரையில் முடியாவிட்டால் சுவரில். லேசான இழுவை ரப்பர் பட்டையில் வெளித்திருப்பு 15 தடவை. செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் கூடியிருக்கக் கூடாது. மீண்டும் தலைக்கு மேல் தள்ளும்போது, கை நேர் பக்கவாட்டில் இல்லாமல் 30 டிகிரி முன்னால் இருக்கட்டும், டம்பெல்லே நல்லது. "தள்ளும்போது தோள் காதுப் பக்கம் வரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

விழுந்த பிறகு கை ஏறவில்லை, இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் பயிற்சி இல்லை, மருத்துவர்தான். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்தால் உடனே 108. இன்னொன்று: தோள்பலகையைக் காட்டவோ தொடவோ வேண்டியிருந்தால் அனுமதி கேட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதையும் ஒரு நுட்பமாகவே பழகுங்கள்.

சைதை_கார்டியோ

நாலாவது கேள்வி. வேகத்தைக் கூட்டாதீங்க. முதல்ல மாத்திரைப் பேரைக் கேளுங்க. அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால்னு "லால்"ல முடிஞ்சா அது பீட்டா பிளாக்கர். இதயத்துடிப்பை அதிகம் ஏற விடாததே அந்த மருந்தோட வேலை. 105ல மூச்சு வாங்குறார்னா அவருக்கு அதுவே கடினமான உழைப்பு. 123க்கு இழுத்தா தாங்கக்கூடியதை மீறிடுவோம்.

அவருக்கு நம்பரை விட்டுட்டு பேச்சை வெச்சு அளங்க. நடந்துக்கிட்டே முழு வாக்கியம் பேச முடியணும், பாட்டு பாட முடியக் கூடாது. அது மிதமான அளவு. பத்துக்கு எவ்வளவு கஷ்டம்னு கேட்டா 5, 6 சொல்லணும். இந்த மருந்து இல்லாதவங்களுக்கும் 220 கணக்கு வெறும் சராசரிதான். ஒரே வயசுல இருக்கிறவங்க 10, 12 துடிப்பு இப்படியும் அப்படியும் இருக்கிறது சாதாரணம்.

அம்லோடிபின், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரைன்னா துடிப்பைப் பெருசாப் பிடிக்காது. ஆனா ஓடிட்டு சட்டுனு நின்னா தலை சுத்தும். ஓடும்போது கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேல தள்ளுது. நின்ன உடனே அது நின்னுடும், ரத்தம் காலிலேயே தங்கும். 5லேர்ந்து 10 நிமிஷம் மெதுவா நடந்துட்டுத்தான் இறங்கணும். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்க விடாதீங்க, பி.பி. சட்டுனு எகிறும். தள்ளும்போது ஊதி விடணும். ஆரம்பிக்கும் முன் 180/110க்கு மேல காட்டினா அன்னைக்குப் பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க.

சர்க்கரையும் இருந்தா ரொம்பக் கவனம். இன்சுலின், கிளிமெபிரைடு எடுக்கிறவங்களுக்குப் பயிற்சியில சர்க்கரை இறங்கலாம். நடுக்கம், படபடப்பு, வியர்வைன்னு அறிகுறி வரும். பீட்டா பிளாக்கர் எடுத்தா நடுக்கமும் படபடப்பும் மறைஞ்சிடும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். நம்ம ஊர்ல மே மாசம் யாருக்குத்தான் வியர்க்காது? அதனால பேச்சு குழறுதா, கேட்டதுக்குப் பதில் தடுமாறுதான்னும் பாருங்க. சந்தேகம் வந்தா நிறுத்திட்டு, மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க, 15 நிமிஷம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாருங்க. நினைவு தப்பியிருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க.

பெசன்ட்நகர்_காலை6

வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை. கடற்கரையில பயிற்சி கொடுக்குறவங்க வெப்பநிலையை மட்டும் பார்க்குறாங்க. இங்க பிரச்சனை ஈரப்பதம். வியர்வை வழியிறதால உடம்பு குளிராது, ஆவியாகணும். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா வியர்வை சொட்டிக்கிட்டே இருக்கும், உள்ளே சூடு இறங்காது. புது ஆளுக்கு உடம்பு பழக 10லேர்ந்து 14 நாள் ஆகும். முதல் வாரம் பாதி அளவு போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணே கால்லேர்ந்து ஒண்ணரை லிட்டர் உள்ளே போகணும், கூட உப்பும் வேணும். உப்பு போட்ட மோர் நல்லது.

எலும்புக்கூடு_206

அயனாவரம் அண்ணா எழுதினதுல ஒரு சின்னத் திருத்தம். ஹாம்ஸ்ட்ரிங் எல்லாமே ரெண்டு மூட்டைத் தாண்டல. பைசெப்ஸ் ஃபெமோரிஸுக்கு ரெண்டு தலை. நீளத் தலை உக்காருற எலும்புல தொடங்குது. குட்டைத் தலை தொடை எலும்போட பின்பக்கத்துல இருந்து தொடங்கி முட்டியை மட்டும்தான் தாண்டுது. பரீட்சையில கேட்க வாய்ப்புள்ள இடம் இது.

அயனாவரம்_பார்பெல்

சரிதான், திருத்திக்கிறேன். நன்றி.

வளசரவாக்கம்_ஃப்ளோர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாவாடை நாடா வெச்சுப் பார்த்ததும் சோலியஸ் புரிஞ்சிடுச்சு. குதிகால் தூக்குற மெம்பரை அளந்தேன். வலது 11 செ.மீ., இடது 6. இடதுல முன்பக்க மடிப்புல நெரிக்குதுங்கறார். காலேஜ் நாள்ல அந்தக் கால் பிசகியிருக்காம். சாரோட மாத்திரை மெட்டோப்ரோலால்.

இன்னும் ரெண்டு. டெட்லிஃப்ட்ல (தரையில இருக்கிற எடையைத் தூக்கி நிமிர்றது) எடை உடம்பை ஒட்டியே வரணும்கிறதுக்குக் காரணம் எப்படிச் சொல்றது? ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் (தசைக்குச் சக்தி தர்ற பொருள்கள்) பாடத்தை வெச்சு செட்டுக்கு நடுவுல எவ்வளவு ரெஸ்ட்னு எப்படி முடிவு பண்றது?

அடையார்_பிசியோ

இடது 6, முன்னால் நெரிப்பு, பழைய பிசகு. இது மூட்டுத் தடைதான் என்று தோன்றுகிறது. ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்கட்டும். அதுவரை பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. ரெண்டு குதிகாலுக்கும் கீழே ஒரே உயரத்தில் ப்ளேட் வையுங்கள். இடதுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு சாயும். நெரிப்பு வருவதற்குச் சற்று மேலே நிற்கிற ஆழத்தில் ஸ்குவாட் போதும். இடது ஒற்றைக் காலில் 30 செகண்ட் நிற்க முடிகிறதா என்றும் பாருங்கள். பிசகிய கணுக்காலில் சமநிலை குறைந்திருப்பது சகஜம், அதைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

அயனாவரம்_பார்பெல்

டெட்லிஃப்ட்டுக்கு தண்ணி கேனைக் காட்டுங்க. 20 லிட்டர் கேன், 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. எல்லார் வீட்டுலயும் இருக்கு. இடுப்பு மூட்டுல இருந்து கேன் 25 செ.மீ. தூரத்துல இருந்தா திருப்பு விசை சுமார் 49 நியூட்டன் மீட்டர். 50 செ.மீ. தள்ளிப் பிடிச்சா 98. கேன் எடை மாறல, தூரம் ரெண்டு மடங்கானதால கேனைத் தாங்க முதுகுக்கு வேலை ரெண்டு மடங்கு. கிளையன்ட்டை ரெண்டு விதமாவும் பிடிக்கச் சொல்லுங்க, அவரே உணர்வார். கேனைத் தூக்குறது தசை சுருங்குற வேலை, மெதுவா இறக்குறது நீள்ற வேலை, டிஸ்பென்சர் மேல சரியா வைக்கிற வரைக்கும் அசையாமப் பிடிச்சிருக்கிறது ஒரே நீளத்துல இருக்கிற வேலை. மூணு வகைச் சுருக்கமும் அதுல வந்துடுது.

ரெஸ்ட் விஷயம். நகர்ற பஸ்ஸைத் துரத்தி எட்டு செகண்ட்ல படிக்கட்டைப் பிடிச்சா அது பெரும்பாலும் கிரியேட்டின் பாஸ்பேட். 10 செகண்டுக்கு மேல அது மளமளன்னு குறையும், குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாம உடைக்கிற வழி முன்னுக்கு வரும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆக்சிஜன் வழிதான் பெரும்பங்கு. மூணும் எப்பவும் சேர்ந்தே ஓடும், பங்குதான் மாறும். ஒண்ணு அணைஞ்சு இன்னொண்ணு எரியுதுன்னு எழுதிடாதீங்க.

தீர்ந்த கிரியேட்டின் பாஸ்பேட் பாதி திரும்ப 30 செகண்ட் போல ஆகும், கிட்டத்தட்ட முழுசும் வர 3லேர்ந்து 5 நிமிஷம். அதனால 3லேர்ந்து 5 ரெப்ஸ்ல (ஒரு செட்டுல செய்யுற தடவை) கனமாத் தூக்குறவருக்கு 3 நிமிஷமாவது கொடுங்க. ஒரு நிமிஷத்துல அடுத்த செட்டுக்கு அவசரப்படுத்தினா ரெப்ஸ் குறையும், ஃபார்ம் கெடும், அவர் பலம் போதலைன்னு நாம தப்பாக் கணக்குப் போடுவோம். 8லேர்ந்து 12 ரெப்ஸ்னா ஒண்ணரை, ரெண்டு நிமிஷம். கெண்டைக்கால், பைசெப்ஸ் மாதிரி சின்னத் தசைக்கு ஒரு நிமிஷம் போதும்.

மறுநாள் வர்ற வலி லாக்டிக் ஆசிட்னு இன்னும் பல ஜிம்ல சொல்றாங்க. லாக்டேட் ஒரு மணி நேரத்துல ரத்தத்துல இருந்து போயிடும். 24லேர்ந்து 72 மணி நேரம் இருக்கிற வலி, பழக்கமில்லாத இறக்கு வேலையால தசை நார்ல வர்ற நுண்ணிய சேதம், அதைத் தொடர்ந்த வீக்கம். புது ஆளுக்கு முதல் நாளே நூறு ஸ்குவாட், நூறு புஷ்-அப் கொடுக்கக் கூடாதுங்கறதுக்கு இதுதான் காரணம். ரெண்டு நாள் கழிச்சு கை கால் வீங்கி, சிறுநீர் டிக்காஷன் நிறத்துல போனா தசை உடைஞ்சு சிறுநீரகத்துக்குப் போகுதுன்னு அர்த்தம். ஐஸ் வைக்கவோ வீட்டுல ரெஸ்ட் எடுக்கவோ சொல்லாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி.